காத்திருக்காத கடைகள்

காலை நெரிசலில் மிசோரத் தலைநகர் ஐஸாலை விட்டு வெளியேறுவதற்குப் பொறுமை வேண்டும். நகரம் முழுக்க ஒரு மலை முகட்டின் மேலும் அதன் இரு சரிவுகளிலும் தொற்றிக்கொண்டிருக்கிறது. சாலை இரண்டு கார் அகலத்துக்கு மேல் விரிய இடமே இல்லை. எங்கள் சுமோவுக்கு முன்னால் அடுத்த வளைவு வரை வண்டிகள் வரிசையாக நின்றன. எதிர்த்திசைப் பாதி காலி. நம் ஊரில் அந்த இடம் அரை நிமிடம் காலியாக இருக்குமா? இரு சக்கர வண்டிகள் மட்டும் ஓரமாக நழுவிப் போய்க்கொண்டிருந்தன. கார் ஒன்றுகூட வரிசையைவிட்டு விலகவில்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. 2022-ல் இப்படி ஒரு வரிசையின் புகைப்படத்தைத் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா பகிர, நாடே பார்த்து வாயைப் பிளந்தது நினைவிருக்கலாம்.

சம்பாய் வரை போகும் ஷேர் சுமோ அது. ஓட்டுநருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் ஏறத்தாழ ஒரே தரம் என்பதால் பேச்சுக்குத் தடையில்லை. ஏன் யாருமே அந்தக் காலிப் பக்கத்தில் போவதில்லை என்று கேட்டேன். கேள்வியே விளங்காதவர் மாதிரி பார்த்தார்.

"அந்தப் பக்கம் போனா எதிர்ல வர்றவன் நின்னுடுவான். அவன் நின்னா அவன் பின்னாடி ஊரே நிக்கும். அப்புறம் நான் எப்படி சார் போறது?"

பண்பாடு, பாரம்பரியம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொன்னது கணக்கு. மிசோரம் பற்றி நான் படித்துவிட்டுப் போயிருந்த கட்டுரைகளில் பாதி, மலைமக்களின் வெள்ளை மனசைப் பற்றி உருகியிருந்தன. த்லோம்ஙைனா என்று அவர்களுடைய பழைய ஒழுக்க நெறியின் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டதாக அந்தக் கட்டுரையாளர்களுக்கு ஒரு நினைப்பு. தன்னைப் பின்னால் வைத்துப் பிறருக்கு முந்திக்கொண்டு உதவு என்பது அந்த நெறி. நல்ல நெறிதான். ஆனால் நல்ல நெறி இல்லாத சமூகம் எது? நம்மிடம் அற நூல்களுக்கா பஞ்சம்? ஏட்டில் இருப்பது சாலைக்கு எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அந்த ஓட்டுநரின் கணக்கே எனக்குத் தோதாகப் பட்டது.

துய்ரியல் ஆற்றை நோக்கி இறங்கி, மறுபடி ஏறினால் சேலிங். இந்தப் பக்கத்து நெடுஞ்சாலை ஓரங்களில்தான் அந்த ஆளில்லாக் கடைகள். ஙாலோ டோர் என்கிறார்கள், ஆள் காத்திருக்காத கடை. நான்கு மூங்கில் கால், மேலே தகரமோ தார்ப்பாயோ, நடுவில் மூங்கில் பிளாச்சால் பின்னிய தட்டு. நாங்கள் நிறுத்திய கடையில் கடுகுக்கீரைக் கட்டுகள், சௌசௌ, இஞ்சி, ஒரு சீப்பு வாழை, பாலித்தீன் பையில் முடிந்த காந்தாரி மிளகாய் இருந்தன. ஒரு சின்னப் பாத்திரத்தில் ஓடை நத்தைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே அட்டைத் துண்டில் கரியால் எழுதிய விலை தொங்கியது. மூலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. பூட்டு இல்லை, கட்டி வைக்கவும் இல்லை. எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம்.

வண்டியில் வந்த பெண்கள் இறங்கி, நிதானமாகக் கீரையை உதறிப் பார்த்து, வாடியதை ஒதுக்கி, நல்லதாக எடுத்துக்கொண்டார்கள். டப்பாவைத் திறந்து பணத்தைப் போட்டார்கள். மீதியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நான் மிளகாய் வாங்கினேன், 20 ரூபாய். 100 ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டு, டப்பாவுக்குள் கைவிட்டு 80 ரூபாய் எண்ணி எடுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருடைய கல்லாவில் கைவிடுவது எனக்குப் பழக்கமில்லை. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் நோட்டுகளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக விரித்து எண்ணினேன். நம் பக்கத்தில் நேர்மையாக இருப்பது பாதி வேலை, நேர்மையாக இருப்பதை நாலு பேருக்குக் காட்டுவது மீதி வேலை. பின்னால் நின்ற பெண் "சீக்கிரம் எடுங்க, சார்" என்றார். வரிசையில் இன்னும் இருவர் இருந்தார்கள்.

அவர் ஒரு பள்ளி ஆசிரியை. விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்க்கொண்டிருந்தார். ஆங்கிலம் நன்றாகப் பேசியதால் மீதிப் பயணத்தில் என் கேள்விகளையெல்லாம் அவரே தாங்க வேண்டியதாயிற்று.

கடைக்காரர் எங்கே என்று கேட்டேன். சரிவைக் காட்டினார். கீழே, மூங்கில் காட்டுக்கு நடுவே, எரித்துத் திருத்திய ஒரு துண்டு நிலம். ஜூம் சாகுபடி. நம் குறிஞ்சி நிலத்துப் புனம் மாதிரிதான். கணவன், மனைவி இருவரும் களையெடுக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மேலே சாலையில் யார் உட்காருவது? உட்கார்ந்தாலும் நாள் முழுக்க விற்பது சில நூறு ரூபாய்க்குத்தான். அதற்காக ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பை விட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரத்தில் சதுர கிலோமீட்டருக்கு 52 பேர், தமிழ்நாட்டில் 555 பேர். ஆள் பஞ்சம் உள்ள மலையில், சும்மா உட்கார்ந்து கல்லாவைக் காப்பது ஆடம்பரம்.

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் காந்தி ஜெயந்தி தோறும் ரோட்டரி சங்கத்தார் ஆளில்லாக் கடை நடத்துகிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அது ஊருக்கு வைக்கிற பரீட்சை. மாலையில் பணத்தை எண்ணி, மக்கள் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்று பார்ப்பார்கள். சேலிங் கடைக்காரருக்கு யாரையும் சோதிக்க நேரமில்லை. அவருக்குக் களை இருக்கிறது.

வழியில் ஓர் உணவுக்கடையில் சுமோ நின்றது. மிசோ மக்கள் காலையிலேயே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுபவர்கள். சோறு, அவித்த கீரை, புகையில் வாட்டிய பன்றிக்கறி, காரமான துவையல். சாப்பிடும்போது ஆசிரியையிடம் நேராகவே கேட்டேன், திருட்டே இல்லையா என்று. சிரித்தார்.

"இருக்கு, ஏன் இல்லாம? மனுஷங்கதானே. ஆனா கீரைக்கட்டைத் திருடினா அது போலீசுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எங்க பெரியம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

பெரியம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கான விடை, ஒய்.எம்.ஏ. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் இளம் மிசோ சங்கத்தில் இருக்கிறது. 1935 ஜூன் 15 அன்று இளம் லுஷாய் சங்கம் என்று தொடங்கி, 1947-ல் பெயர் மாறியது. இன்று அதன் கிளை இல்லாத ஊரோ தெருவோ அரிது. பெயரில்தான் இளமை. அதற்குள் ஊரே இருக்கிறது. பாதை சரிந்தால், கிணறு தூர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று அறிவிப்பு வரும். வருவார்கள். இதற்கு ஹ்னத்லாங் என்று பெயர். கூலி கிடையாது.

ஆனால் அந்தச் சங்கம் முழுசாக விளங்குவது சாவு வீட்டில்தான் என்றார் ஆசிரியை. யாராவது இறந்தால் தெருவின் ஒலிபெருக்கி சொல்லும். இளைஞர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்புவார்கள். குழி வெட்டுவது அவர்கள் வேலை. அதிகாரியின் மகன், டாக்சி ஓட்டுபவர், கல்லூரி மாணவர் என்று யாராக இருந்தாலும் முறை வந்தால் வெட்ட வேண்டும். மற்றவர்கள் வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். இரவில் துக்க வீட்டில் கூடிப் பாடுவார்கள். குடும்பம் தனியாகக் கிடக்கக் கூடாது என்று இளைஞர்கள் சில இரவுகள் அங்கேயே படுத்துக்கொள்வதும் உண்டு.

சோற்றில் கை வைத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் ஊரில் குழி வெட்டுவது ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்த வேலை. வெட்டுகிறவர் கையில் காசைத் திணித்துவிட்டு, அவரைத் தொடாமல் திரும்பி வந்து குளிக்கிற ஊர்களில் பிறந்தவர்கள் நாம். என் தகப்பனுக்குக் குழி வெட்டியவர் பெயர் எனக்குத் தெரியாது என்று சொல்ல நேர்கிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த மலையில் எல்லோருடைய குழியையும் எல்லோரும் வெட்டுகிறார்கள். நாளைக்கு என் வீட்டுக் குழியை வெட்டப் போகிறவருடைய கீரைக்கட்டை இன்றைக்கு நான் தூக்கிக்கொண்டு போக முடியாது. தூக்கினால் நஷ்டக் கணக்கு கீரையோடு முடியாது. ஓட்டுநர் காலையில் சொன்னதும் இதே கணக்குதான், அளவு மட்டும் பெரிது.

இதில் ஒரு பிடி அரிசிக்கும் பங்கு உண்டு. மிசோரம் பிரஸ்பிடேரியன் திருச்சபையில் 1910-ல் தொடங்கிய வழக்கம் அது, புஹ்பாய் தாம். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார். சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதைச் சேகரித்து, விற்று, பணத்தை ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். மிக ஏழை வீட்டிலும் கொடுக்கிறவர் வரிசையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று ஆகிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேலாக நாளுக்கு இரண்டு வேளை கை பழகிய காரியம், கடை டப்பாவில் பணம் போடும் கைக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லாம் தேன் என்று எழுதிவிட்டால் அது பொய். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் மூச்சுவிட இடம் குறைவு. யார் குடித்தான், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பதெல்லாம் பொதுச் சொத்து. மதுவிலக்கு 1997-ல் வந்து, நடுவில் சில ஆண்டுகள் தளர்ந்து, 2019-ல் மறுபடி வந்தது. போதைப்பொருளை ஒழிக்கிறோம் என்று கிளம்பிய ஊர்க்காவல் குழுக்கள் ஆட்களை அடித்த கதைகளும் உண்டு. ஆசிரியையே ஒப்புக்கொண்டார், "எனக்கு ஐஸாலும் பிடிக்கும், ஐஸாலை விட்டு ஒரு மாசம் எங்கயாவது போறதும் பிடிக்கும்."

காவ்ல்குல், கோசோல் என்று ஊர்கள் மலைமுதுகில் வந்துகொண்டே இருந்தன. சாலையோரமெங்கும் மூங்கில். இந்த மூங்கிலுக்கும் இங்கே அரசை மக்கள் நம்பத் தயங்குவதற்கும் ஒரு கசப்பான தொடர்பு இருக்கிறது. மௌதாக் என்ற மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூக்கும். காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிக்கூட்டம் வயலில் இறங்கும். 1958-லேயே மிசோ மாவட்டக் கவுன்சில், பஞ்சம் வருகிறது, 15 லட்சம் ரூபாய் ஒதுக்குங்கள் என்று அன்றைய அஸ்ஸாம் அரசிடம் கேட்டது. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டார்கள். 1959-ல் மூங்கில் பூத்தது, எலிகள் வந்தன, பஞ்சமும் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காக லால்தெங்கா தொடங்கிய அமைப்பு 1961-ல் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியானது. 1966-ல் அது ஆயுதம் எடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 5 அன்று ஐஸால் மீது இந்திய விமானப்படை விமானங்கள் தாக்குதல் நடத்தின. அடுத்த ஆண்டிலிருந்து ராணுவம் கிராமங்களைப் பெயர்த்துச் சாலையோரம் கூட்டம் கூட்டமாகக் குடியேற்றியது. தன் வயலுக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. 1986 ஜூன் 30-ல் உடன்பாடு, 1987 பிப்ரவரி 20-ல் தனி மாநிலம்.

அரசு கைவிட்ட இருபது ஆண்டுகளில் பக்கத்து வீட்டை நம்பித்தான் பிழைக்க வேண்டியிருந்தது. ஆளில்லாக் கடைக்கு வரலாற்று ஆசிரியர்கள் என்ன காரணம் சொன்னாலும் சரி, இந்த இருபது ஆண்டை விட்டுவிட்டு ஒரு காரணம் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். அமைதி வந்தபிறகும் அரசியலை அப்படியே நம்பி விட்டுவிடவில்லை. 2006-ல் திருச்சபைகள் முன்னின்று மிசோரம் மக்கள் மன்றம் என்று ஒன்றைத் தொடங்கின. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் விருந்து வைக்கக் கூடாது, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கக் கூடாது, எல்லா வேட்பாளரும் ஒரே மேடையில் ஏறி ஊர்க்காரர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்சிகள் இதற்குக் கையெழுத்துப் போட்டன. ஓட்டுக்கு நோட்டு வாங்கிப் பழகிய நமக்கு இது கதை மாதிரி இருக்கும். கீரைக்கடையில் ஆளை வைக்காதவர்கள் தேர்தலுக்கு மட்டும் ஆளை வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்பதை நான் ரசித்தேன். எங்கே காவல் தேவை என்று தெரிந்திருக்கிறது.

சம்பாய் வரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் சோகாவ்தார் வரை போனேன். தியாவ் ஆறு, அதன் மேல் ஒரு பாலம், அக்கரையில் மியான்மர். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு சின் மக்கள் இந்த ஆற்றைக் கடந்து ஓடிவந்தார்கள். மார்ச் மாதம் ஒன்றிய உள்துறை அமைச்சகம் வடகிழக்கு மாநிலங்களுக்கு எழுதியது, வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்று. அன்றைய முதல்வர் சோரம்தாங்கா, இந்தத் துயரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியாது என்று பிரதமருக்கே எழுதினார். அவர் ஒரு காலத்தில் லால்தெங்காவோடு காட்டில் கிடந்த போராளி. 30,000 பேருக்கும் மேல் வந்தார்கள். முதல் கஞ்சியை ஊற்றியது ஊர்க்காரர்கள். மூங்கில் வெட்டிக் குடில் போட்டது ஒய்.எம்.ஏ. கிளைகள். 2023-ல் மணிப்பூர் கலவரத்திலிருந்து ஓடிவந்த குக்கி மக்களுக்கும் இதே கதவு திறந்தது. எல்லையோர ஊர் ஒன்றின் தேநீர்க் கடையில், குடிலுக்கு மூங்கில் வெட்டியதாகச் சொன்ன ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "நம்ம ஆளுங்க" என்றார்.

அந்தப் பதிலில்தான் எனக்கு உறுத்தல். நம்ம ஆளாக இல்லாதவர்களுக்கு என்ன? 1997-ல் ப்ரூ மக்கள், ரியாங் என்றும் சொல்வார்கள், இதே மிசோரத்திலிருந்து மோதலுக்குப் பயந்து திரிபுராவுக்கு ஓடினார்கள். 30,000-க்கும் மேற்பட்டோர். இருபது ஆண்டுக்கு மேல் முகாம்களில் கிடந்தார்கள். திரும்பக் கூட்டிவரும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன. கடைசியில் 2020 ஜனவரியில் போட்ட ஒப்பந்தம், அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்துவது என்று முடிவு செய்தது. கல்லறைக் குழி முதல் கீரைக்கடை வரை நீளும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் ப்ரூ மக்களின் பெயர் இல்லை. திரும்பும் வழியில் வேறொரு பயணியிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அது வேற விஷயம்" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இலங்கை அகதிகளை நாம் வைத்திருக்கும் முகாம்களைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் சன்னல் பக்கம்தான் திரும்பியிருப்பேன்.

திரும்பும்போது சேலிங் பக்கம் வந்தபோது பிற்பகல். வேறு சுமோ, வேறு ஓட்டுநர். இந்த முறை ஒரு கடையில் ஆள் இருந்தார். தலையில் துணி கட்டிய நடுத்தர வயதுப் பெண், முதுகில் கூடை, முழங்கால் வரை மண். டப்பாவைக் கவிழ்த்துப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். ஓட்டுநரை மொழிபெயர்க்கச் சொல்லி, கணக்கு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒருநாள் பத்து ரூபாய் குறையும். ஒருநாள் இருபது ரூபாய் கூடும். சில்லறை இல்லாதவங்க கூடப் போட்டுட்டுப் போயிடறாங்க" என்றார். பிறகு ஒரு குறை சொன்னார். ஐஸாலுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்தி, கடையைப் படம் எடுத்து, டப்பாவைப் படம் எடுத்து, ஒன்றும் வாங்காமல் போய்விடுகிறார்களாம். நான் கைபேசியை எடுக்கவில்லை. இரண்டு சௌசௌ எடுத்துப் பணம் போட்டேன்.

பணம் எண்ண மட்டும் வந்தீர்களா என்றேன். இல்லையாம். கீரை வெயிலில் வாடிவிட்டது. விலையைக் குறைத்து எழுத வேண்டும். ஆளில்லாக் கடையில் பேரம் பேச முடியாது அல்லவா? அதனால் பிற்பகலில் ஒருமுறை மேலே ஏறிவந்து, மிச்சமிருப்பதைப் பார்த்து, அவரே தனக்குள் பேரம் பேசி விலையை மாற்றிவிட்டுப் போவார். கூடையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். கட்டு 30 ரூபாய் என்றிருந்த அட்டையைத் துடைத்தார்.

கீரைக்குக் கை நீட்டிய ஒரு பயணியின் தோளைப் பிடித்து எங்கள் ஓட்டுநர் நிறுத்தினார். ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்க, அவங்க எழுதி முடிக்கட்டும்னு சொன்னேன்."

அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சுமோ நிறைய ஆட்கள், எல்லோர் கையிலும் பை. 20 என்று எழுதப் போன கை சற்று நின்றது. பிறகு 25 என்று எழுதி அட்டையை மாட்டிவிட்டு, கூடையைத் தோளில் இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கட்டு எடுத்து, 50 ரூபாயை டப்பாவில் போட்டார்.